கரியமில வாயுவும் கையெழுத்து ஒப்பந்தங்களும்

(ஒரு வாசகசாலைக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயம், பூமியின் சூட்டைத் தணிப்பதற்கென்று உலக தேசங்கள் கூடிக் கூடிச் செய்துகொண்டு வருகிற ஒப்பந்தங்களைப் பற்றியதாகும். "நம் ஊர்ச் சங்கதிகள் ஆயிரம் கிடக்க, கியோட்டோவில் என்ன செய்தால் நமக்கென்ன? பாரிஸில் என்ன எழுதினால் நமக்கென்ன?" என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். அப்படி நினைப்பது இயற்கையே. ஆனால் பருவம் தவறிப் பெருமழை கொட்டிப் பயிர் அழுகினால் நாம் சொல்லுவதென்ன? வெய்யிலில் மண் சுமக்கிறவன் சுருண்டு விழுந்தால் நாம் சொல்லுவதென்ன? "தலைவிதி" என்றும், "கலிகாலம்" என்றும் சொல்லிவிட்டுப் பேசாமல் இருந்துவிடுகின்றோம். விதி என்று சொல்லிவிட்டால் அதற்குமேல் கேள்வியில்லை, கேட்பதற்கு ஆளுமில்லை. இன்னது காரணம் என்று தெரிந்துகொண்டாலோ, உடனே கேள்வி பிறக்கும். ஜவாப் சொல்லக் கடமைப்பட்டவனும் அகப்படுவான். ஒவ்வொரு வறட்சிக்கும் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் இது ஒன்றேதான் காரணம் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் உலகம் முழுவதற்கும் சூடு ஏறி வருவதும், அதனால் வெய்யிலும் பெருமழையும் முன்னைவிடக் கடுமையாகி வருவதும் மனிதன் செய்கையால்தான் என்பது இன்று சந்தேகத்துக்கு இடமில்லாமல் ஏற்பட்டுவிட்டது. ஆகையால்தான் இந்த ஒப்பந்தங்கள் நமக்கும் சம்பந்தப்பட்ட விஷயம் என்கின்றேன்.

முதலில் காரணத்தைப் பார்ப்போம். காற்றில் மிகுதியாக இருக்கும் பிராண வாயுவும் நைட்ரஜனும் பூமியிலிருந்து எழும் வெப்பத்தைத் தடுப்பதில்லை. நீராவியும், கரியமில வாயுவும், மீத்தேனும் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளுகின்றன. 1859-ல் ஜான் டின்டால் என்பவர் லண்டனில் இதைக் கருவி வைத்துச் சோதித்துக் காட்டினார். நிலக்கரியை எரிப்பதால் கரியமில வாயு பெருகினால் பூமி எவ்வளவு சூடாகும் என்று 1896-ல் ஸ்வீடன் தேசத்து அரேனியஸ் கணக்குப் போட்டார். 1958-ல் சார்லஸ் கீலிங் என்பவர் ஹவாய்த் தீவில் மௌனா லோவா மலைமேல் காற்றை அளக்கத் தொடங்கினார். அப்பொழுது 10 லட்சம் பங்கு காற்றில் சுமார் 315 பங்கு கரியமில வாயு இருந்தது. இன்று அது 420-க்கு மேல் போய்விட்டது. ஆலைகளும் எஞ்சின்களும் பெருகுவதற்கு முன் இருந்தது சுமார் 280. தென்துருவத்துப் பனிக்கட்டிக்குள் சிக்கிக் கிடக்கும் பழங்காலத்துக் காற்றை எடுத்து அளந்து பார்த்ததில், 8 லட்சம் வருஷங்களில் ஒருபொழுதும் இந்த அளவை எட்டியதில்லை என்று தெரிகின்றது. 1850 முதல் 1900 வரை இருந்த சராசரிச் சூட்டைவிட 2024-ம் வருஷத்துச் சூடு சுமார் ஒன்றரை டிகிரி அதிகம். இவைகள் ஒரு மகான் சொன்னதற்காக நம்ப வேண்டியவைகள் அல்ல. கருவியும் பொறுமையும் உள்ள எவனும் அளந்து சரிபார்க்கக்கூடியவைகள்.

இனி ஒப்பந்தம் எதற்கு என்று கேட்கலாம். எரிக்கிறவனுக்கு லாபம் தனியாகக் கிடைக்கின்றது. புகையினால் வரும் நஷ்டமோ ஊருக்கெல்லாம் பொதுவாகப் போகின்றது. காற்றுக்கு வேலியும் இல்லை, சுங்கச்சாவடியும் இல்லை. ஏரி மராமத்துக்கு வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டுமென்று ஊரில் முடிவு செய்தால், "நான் போகாவிட்டாலும் கரை உயரும், தண்ணீர் என் வயலுக்கும் பாயும்" என்று நினைக்கிறவன் இருப்பானல்லவா? எல்லோரும் அப்படி நினைத்தால் கரை உடைவதைத் தவிர வேறு வழியில்லை. அதனால்தான் வராதவனுக்கு அபராதம் என்று ஊரார் சேர்த்து எழுதினார்கள். உலகத்துக்கும் அப்படி ஒரு கட்டுப்பாடு வேண்டியிருக்கின்றது. ஆனால் ஊரில் அபராதம் வாங்கப் பஞ்சாயத்து இருக்கின்றது. தேசங்களுக்குமேல் அப்படி ஒரு பஞ்சாயத்து இல்லை. தகராறு முழுவதும் இந்த இடத்தில்தான் இருக்கின்றது.

ஒப்பந்தத்தால் ஒன்றுமே ஆகாது என்று சலித்துக்கொள்ளுகிறவர்களுக்கு நான் ஒரு ஒப்பந்தத்தைக் காட்டுகிறேன். குளிர்ச்சாதனப் பெட்டிகளிலும் தெளிப்பான்களிலும் பயன்பட்டு வந்த குளோரின் கலந்த சில வாயுக்கள், மேலே ஓசோன் படலத்தை அரிக்கும் என்று மொலினா, ரோலண்ட் என்ற இருவர் 1974-ல் எழுதினார்கள். செய்கிற கம்பெனிக்காரர்கள் எதிர்த்தார்கள். 1985-ல் தென்துருவத்துக்குமேல் ஓசோன் பெரிதும் குறைந்திருப்பதை அளந்து வெளியிட்டார்கள். 1987-ல் மான்ட்ரியல் ஒப்பந்தம் ஏற்பட்டது. அதில் என்ன இருந்தது? எந்த வாயுவை எந்த வருஷத்துக்குள் எவ்வளவு குறைப்பது என்று கணக்கு இருந்தது. சேராத தேசத்தோடு அந்தச் சரக்கில் வியாபாரம் கிடையாது என்ற விதி இருந்தது. ஏழை தேசங்களுக்குப் பத்து வருஷம் தவணை இருந்தது. 1990-ல், அவர்கள் புதிய முறைக்கு மாறுவதற்காகப் பணக்கார தேசங்கள் பணம் போடும் ஒரு நிதியும் ஏற்பட்டது. பலன் என்ன? அந்த வாயுக்களில் 100-க்கு 99 பங்கு ஒழிந்துவிட்டது. உலகத்திலுள்ள எல்லா தேசங்களும் அதில் சேர்ந்துவிட்டன. ஓசோன் படலம் மெல்ல மெல்லத் தேறி வருகின்றது. அந்த வாயுக்கள் வெப்பத்தையும் மிகக் கடுமையாகப் பிடித்து வைப்பவைகளாதலால், சூட்டைக் குறைப்பதிலும் இந்த ஒப்பந்தம் பெரிய உதவி செய்துவிட்டது. அவைகளுக்குப் பதிலாக வந்த வேறு வாயுக்களும் சூட்டைக் கூட்டுகின்றன என்று கண்டு, 2016-ல் கிகாலி நகரில் கூடி அவைகளையும் குறைக்கத் தீர்மானம் செய்தார்கள்.

ஆகவே, ஒப்பந்தம் என்பதே வீண் என்பது சோம்பேறி வாதம். ஆனால் குளிர்ச்சாதன வாயுவைச் செய்தவை சில கம்பெனிகளே. அதற்கு மாற்றுச் சரக்கும் அகப்பட்டது. நிலக்கரியும் எண்ணெயும் அப்படியல்ல. மின்சாரம், ரயில், சிமெண்டு, இரும்பு, உரம் என்று மனித வாழ்வு முழுவதிலும் அவைகள் புகுந்துகொண்டிருக்கின்றன. அதனால் எதிர்ப்பும் பல மடங்கு, தந்திரமும் பல மடங்கு.

1992-ல் ரியோவில் உலக தேசங்கள் கூடி ஒரு மூல ஒப்பந்தம் செய்தன. "பொறுப்பு எல்லோருக்கும் பொது, ஆனால் அளவு ஒன்றல்ல" என்பது அதன் தத்துவம். நல்ல தத்துவந்தான். இதுவரை எரித்த கரியைக் கூட்டிப் பார்த்தால் அமெரிக்கா ஒன்றே ஏறக்குறைய கால் பங்குக்குப் பொறுப்பாளி. ஐரோப்பா ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். 140 கோடிக்கு மேல் ஜனங்கள் உள்ள இந்தியாவின் பங்கு 100-க்கு மூன்றோ நான்கோதான். விருந்து சாப்பிட்டு எழுந்தவனும், கடைசிப் பந்தியில் இப்பொழுதுதான் உட்கார்ந்தவனும் சமமாகப் பணம் கொடுக்க வேண்டும் என்றால் எந்த நியாயஸ்தன் ஒப்புவான்? ஆனால் ரியோ ஒப்பந்தத்தில் தத்துவம் இருந்ததே தவிர, இன்ன தேசம் இவ்வளவு குறைக்கவேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

அந்தக் குறையைத் தீர்க்க 1997-ல் கியோட்டோ ஒப்பந்தம் வந்தது. தொழில் பெருகிய தேசங்கள் தங்கள் வாயுவை 1990-ல் இருந்த அளவைவிடச் சராசரி 100-க்கு 5 பங்கு குறைக்கவேண்டும், 2008 முதல் 2012 வரை அதற்குக் கெடு என்று எழுதினார்கள். தவறினால், தவறின அளவோடு 100-க்கு 30 வீதம் சேர்த்து அடுத்த தவணையில் குறைக்கவேண்டும் என்று பின்னால் விதியும் செய்தார்கள். நடந்ததென்ன? ஏழை தேசங்களுக்கும் கட்டாயம் இல்லாத எந்த ஒப்பந்தத்துக்கும் சம்மதிக்கக்கூடாது என்று, கியோட்டோ கூடுவதற்கு முன்பாகவே அமெரிக்க செனட் சபை 95 ஓட்டுக்கு ஒரு ஓட்டும் எதிர்ப்பில்லாமல் தீர்மானம் செய்துவிட்டது. 2001-ல் அமெரிக்கா அடியோடு கைவிட்டுவிட்டது. கணக்குத் தவறிப்போன கனடா, 2011-ல் வெளியேறுகிறேன் என்று நோட்டீஸ் கொடுத்துவிட்டது. அபராதம் யாரிடம் வாங்குவது? கடனைக் கேட்கப் போனபொழுது கடன்காரன் வீட்டைக் காலி செய்துவிட்டுப் போன கதைதான்.

இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள். பணக்கார தேசத்தான் தன் ஊரில் குறைப்பதற்குப் பதிலாக, ஏழை தேசத்தில் குறைப்பதற்குப் பணம் கொடுத்துவிட்டு அதைத் தன் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளலாம் என்று ஒரு வழி வைத்தார்கள். சீனாவிலும் இந்தியாவிலும் குளிர்ச்சாதன வாயு செய்யும் ஆலைகளில் கழிவாக ஒரு வாயு வரும். அது கரியமில வாயுவைவிடப் பதினோராயிரம் மடங்குக்கு மேல் சூட்டைப் பிடிப்பது. அதை எரித்து ஒழிப்பதற்குச் சொற்பச் செலவுதான். ஆனால் அதற்குக் கிடைத்த வரவுச் சீட்டின் விலையோ கொள்ளை லாபம். கடைசியில், கழிவை ஒழித்துச் சீட்டு வாங்குவதற்காகவே சில ஆலைகள் சரக்கை அதிகமாகச் செய்வதாகப் புகார் கிளம்பி, 2013-ல் ஐரோப்பியர்கள் அந்தச் சீட்டே செல்லாது என்று நிறுத்தவேண்டியதாயிற்று. பாம்பு பிடித்துக் கொடுத்தால் பரிசு என்றால் பாம்பு வளர்க்கிறவனும் கிளம்புவான்! கணக்கு வைத்தால் மட்டும் போதாது, கணக்கைச் சோதிக்கவும் ஆள் வேண்டும் என்பதற்கு இதுவே சாக்ஷி.

ஒப்பந்தத்தில் நிலைத்து நின்ற தேசங்கள் பெரும்பாலும் சொன்ன அளவை நிறைவேற்றின என்பதையும் நான் மறைக்கவில்லை. ஆனால் உலகக் கணக்கு என்ன? நிலக்கரி, எண்ணெய் முதலியவைகளை எரிப்பதால் 1992-ல் வருஷத்துக்குச் சுமார் 2,200 கோடி டன் கரியமில வாயு வெளிவந்தது. இப்பொழுது 3,700 கோடி டன்னுக்கு மேல். இடையில் சீனா அமெரிக்காவை மிஞ்சி, இன்று உலக மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சமீபமாக வந்துவிட்டது. ஆகவே பழைய பணக்காரர்களை மட்டும் கட்டிப்போட்டால் போதும் என்ற கணக்கும் இனிச் செல்லாது.

2015 டிசம்பரில் பாரிஸ் ஒப்பந்தம் பிறந்தது. சூடு 2 டிகிரிக்கு நன்றாகக் கீழே நிற்கவேண்டும், 1.5 டிகிரியில் நிறுத்தப் பிரயத்தனப்படவேண்டும் என்பது அதன் லக்ஷியம். ஒவ்வொரு தேசமும் தான் எவ்வளவு செய்யும் என்பதைத் தானே எழுதிக் கொடுக்கவேண்டும். ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை முன்னைவிட அதிகமாக எழுதவேண்டும். கலியாண வீட்டு மொய் நோட்டைப்போல வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் மொய்யில் பணத்தை வைத்த பிறகுதான் பெயர் எழுதுவார்கள். இதில் முதலில் பெயரும் தொகையும் எழுதிக்கொள்ளுவார்கள், பணம் பிறகு. எழுதுவது கட்டாயம், கணக்குக் காட்டுவதும் கட்டாயம், எழுதிய தொகையைச் செலுத்துவது மட்டும் கட்டாயமல்ல! தவறினவர்களை விசாரிக்க ஒரு கமிட்டி உண்டு. அது தண்டிக்கக்கூடாது, உதவியாக மட்டும் இருக்கவேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கின்றது.

கடைசி நாளில் நடந்ததைக் கேட்டால் ஒரு சொல்லுக்கு எவ்வளவு விலை என்று தெரியும். முன்னேறிய தேசங்கள் வாயுவைக் குறைப்பதில் முன்நிற்க வேண்டும் என்ற இடத்தில், கட்டாயத்தைக் குறிக்கும் "ஷல்" என்ற இங்கிலீஷ் சொல் விழுந்திருந்தது. அந்தச் சொல் இருந்தால் தங்களால் சேர முடியாது என்று அமெரிக்கர்கள் சொல்ல, எழுத்துப் பிழை என்ற பெயரால் "செய்வது தகும்" என்ற பொருள் தரும் "ஷுட்" என்ற சொல்லாக அது மாற்றப்பட்டது. கட்டாயம் என்றால் செனட் சபைக்குப் போகவேண்டும். செனட் சபைக்குப் போனால் செத்துப்போகும் என்பது அவர்களுக்குத் தெரியும். அப்படி மாற்றியும் அமெரிக்கா நிலைத்ததா? 2020-ல் வெளியே போயிற்று. 2021-ல் உள்ளே வந்தது. 2025 ஜனவரியில் மறுபடியும் வெளியே போக உத்தரவு போட்டது. ஒரு எலக்ஷனுக்கு உள்ளே, மறு எலக்ஷனுக்கு வெளியே!

அமெரிக்காவை மட்டும் சொல்லிவிட்டு நான் போய்விட்டால் அது யோக்கியமாகாது. 2021-ல் கிளாஸ்கோ மகாநாட்டில், நிலக்கரியைப் "படிப்படியாக ஒழிப்பது" என்று இருந்ததைக் கடைசி நேரத்தில் "படிப்படியாகக் குறைப்பது" என்று மாற்றச் செய்ததில் இந்தியாவும் சீனாவும் முன்நின்றன. எங்கள் ஏழைகளுக்கு மின்சாரம் வேண்டும் என்று சொன்னது நியாயமே. கரியைச் சொல்லுகிறீர்களே, எண்ணெயை ஏன் சொல்லவில்லை என்று கேட்டதும் நியாயமே. ஆனால் கடல் ஏறி வருகிற சின்னஞ்சிறு தீவுக்காரர்கள் அந்த மண்டபத்தில் மனம் நொந்து உட்கார்ந்திருந்ததும் உண்மைதானே?

பணத்தின் சங்கதி இன்னும் மோசம். 2020 முதல் வருஷத்துக்கு 10,000 கோடி டாலர் ஏழை தேசங்களுக்குத் திரட்டிக் கொடுப்பதாகப் பணக்கார தேசங்கள் 2009-ல் வாக்குக் கொடுத்தன. அவர்கள் கணக்குப்படியே 2022-ல்தான் அந்தத் தொகை நிறைந்தது. அதிலும் சர்க்கார் பணத்தில் பெரும்பகுதி கடன்! வீட்டைக் கொளுத்தியவன், மறுபடியும் கட்டிக்கொள் என்று வட்டிக்குப் பணம் கொடுப்பதைப் போன்றது இது. 2022-ல் பாகிஸ்தானில் வந்த வெள்ளத்தில் 1,700 பேருக்குமேல் மாண்டார்கள். 3 கோடிக்கு மேற்பட்டவர்கள் பாதிக்கப்பட்டார்கள். அழிவும் நஷ்டமும் சேர்ந்து சுமார் 3,000 கோடி டாலர். உலக வாயுவில் பாகிஸ்தானின் பங்கு 100-க்கு ஒன்றுகூட இல்லை. அந்த வருஷத்திலேயே இப்படிப்பட்ட நஷ்டங்களுக்கு ஒரு நிதி வைப்பதென்று முடிவாகி, அடுத்த வருஷம் துபாயில் அதைத் திறந்தார்கள். அங்கே உலகம் முழுவதும் சேர்ந்து கொடுப்பதாகச் சொன்ன தொகை சுமார் 70 கோடி டாலர். ஒரு தேசத்தின் ஒரு வெள்ளத்துக்கு 3,000 கோடி. எல்லா தேசத்தின் எல்லா வெள்ளத்துக்கும் 70 கோடி! 2024-ல் பாகு மகாநாட்டில் 2035-க்குள் வருஷத்துக்கு 30,000 கோடி டாலர் என்று எழுதினார்கள். ஏழை தேசங்கள் கேட்டதோ 1,30,000 கோடி.

இவ்வளவும் சொன்னதனால் பாரிஸ் ஒப்பந்தம் வெறும் புரட்டு என்று முடிவு செய்துவிடாதீர்கள். அது கையெழுத்தானபொழுது இந்த நூற்றாண்டு முடிவில் சூடு 3 முதல் 3.5 டிகிரி ஏறும் என்று கணக்கிட்டார்கள். இப்பொழுது நடைமுறையில் உள்ள காரியங்களின்படி அது 2.8 டிகிரி என்று ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தின் 2025-ம் வருஷத்துக் கணக்குச் சொல்லுகின்றது. எழுதிக்கொடுத்தபடி எல்லோரும் செய்தால் இன்னும் கொஞ்சம் குறையும். அரை டிகிரி என்பது அற்பமல்ல. கோடிக்கணக்கான ஜனங்களின் சாப்பாடும் உயிரும் அதில் இருக்கின்றன. ஆனால் நோயாளிக்கு ஜுரம் குறைந்திருக்கின்றது என்பதற்காக மருந்தை நிறுத்திவிட முடியாது.

கட்டாயப்படுத்த மேலே பஞ்சாயத்து இல்லை என்று சொன்னேனல்லவா? அது மெல்ல உருவாகி வருகிறது என்பதற்கும் அறிகுறி இருக்கின்றது. ஹாலந்தில் ஒரு சங்கத்தார் தங்கள் சர்க்கார்மேல் வழக்குப் போட்டார்கள். 2020 முடிவுக்குள் வாயுவை 1990 அளவைவிட 100-க்கு 25 பங்காவது குறைத்தே தீரவேண்டும் என்று 2019 டிசம்பரில் அந்த தேசத்து உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பசிபிக் தீவுகளைச் சேர்ந்த சில சட்ட மாணவர்கள், இதை உலக நீதிமன்றத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று 2019-ல் கிளம்பினார்கள். வனுவாட்டு என்ற சிறு தீவு சர்க்கார் அதை ஏற்றுக்கொண்டு, 2023-ல் ஐக்கிய நாடுகள் சபையில் தீர்மானம் செய்வித்தது. 2025 ஜூலை 23-ல் ஹேக் நகரத்து உலக நீதிமன்றம், சூட்டைத் தடுப்பது தேசங்களின் சட்டக் கடமை என்றும், கடமை தவறினால் நஷ்டஈட்டுக்கும் இடமுண்டு என்றும் ஏகமனதாக அபிப்பிராயம் கொடுத்தது. அது அபிப்பிராயந்தான், ஜப்தி உத்தரவு அல்ல. ஆனாலும், "தருமம் செய்யுங்கள்" என்று கைநீட்டி நின்றவன், "என் பாத்தியதையைக் கொடு" என்று நிமிர்ந்து கேட்கும்படி அது செய்துவிட்டது. இதைத் தொடங்கியவர்கள் ராஜ தந்திரிகளல்ல, சட்டம் படித்த மாணவர்கள் என்பதை நீங்கள் கவனிக்கவேண்டும்.

தோழர்களே! இனி எந்த மகாநாடு எங்கே நடந்தாலும், பத்திரிகையில் கைகோர்த்து நிற்கும் படத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். நான்கு கேள்வி கேளுங்கள். எவ்வளவு குறைப்பது, எந்த வருஷத்துக்குள்? அளப்பது யார், அந்த அளவைச் சோதிப்பது யார்? தவறினால் என்ன? இல்லாதவன் மாறுவதற்குப் பணம் யார் கொடுப்பது, கடனாகவா, ஈடாகவா? மான்ட்ரியலில் இந்த நான்குக்கும் ஜவாப் இருந்தது, காரியம் நடந்தது. கியோட்டோவில் முதல் கேள்விக்கு நல்ல ஜவாப் இருந்தது, மூன்றாவதில் ஓட்டை. பாரிஸில் இரண்டாவதுக்கு ஜவாப் இருக்கின்றது, மற்றவைகளுக்கு அரைகுறை.

இதே கேள்விகளை நம்முடைய சர்க்காரையும் கேட்கவேண்டும். நிலக்கரியும் எண்ணெயும் இல்லாத வழியில் மின்சாரம் செய்யும் யந்திரங்கள் மொத்தத்தில் பாதியாக வேண்டுமென்று 2030-க்கு வைத்த கெடுவை 2025-லேயே எட்டிவிட்டதாக இந்திய சர்க்கார் சொல்லுகின்றது. சந்தோஷம். ஆனால் யந்திரத்தின் சக்தி வேறு, அதிலிருந்து வந்த மின்சாரம் வேறு. வந்த மின்சாரத்தில் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியிலிருந்துதான் வருகின்றது. அதேபோல, ஓர் இந்தியனின் சராசரி வருஷத்துக்கு 2 டன், அமெரிக்கனுக்கு 14 டன் என்பது மெய். ஆனால் சராசரி என்பது ஒரு திரை. மாளிகை முழுவதும் குளிர்காற்று யந்திரம் வைத்திருப்பவனும், ஓலைக் குடிசையில் விசிறியில்லாமல் கிடப்பவனும் சேர்ந்துதான் அந்த 2 டன். உலக மண்டபத்தில் ஏழையைக் காட்டி உரிமை கேட்டுவிட்டு, ஊருக்குள் அந்த உரிமையைப் பணக்காரன் அனுபவிப்பதென்றால் அதை நாம் ஒப்புக்கொள்ளக்கூடாது.

கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கின்றேன். காற்றுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. யார் கையெழுத்துப் போட்டார்கள், யார் பிரசங்கம் செய்தார்கள் என்பது அதற்கு வேண்டியதில்லை. எரிந்த கரி எவ்வளவோ அவ்வளவுதான் அதற்குக் கணக்கு. ஆதலால் நீங்களும் கையெழுத்தை எண்ணாதீர்கள். மௌனா லோவா மலைமேல் வருஷாவருஷம் எழுதி வரும் அந்த எண் ஏறுகின்றதா, நிற்கின்றதா, இறங்குகின்றதா என்று பாருங்கள். அது நிற்கும்வரை எந்த ஒப்பந்தமும் முடிந்துபோன காரியம் அல்ல. நான் சொன்னதற்காக எதையும் நம்பவேண்டாம். உங்கள் புத்தியைக்கொண்டு ஆராய்ந்து பார்த்துச் சரியென்று பட்டதை எடுத்துக்கொள்ளுங்கள்.